வேட்டிக்குள் இரண்டு றாத்தல்

சோமசேகரத்தாருக்கு ஓதம் என்பது 1984ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் காங்கேசன்துறைப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. விதைப்பையில் நீர் இறங்கி வீங்குகிற அந்த வருத்தத்தைப் பற்றி நாகரிகமான ஆட்கள் வாய் திறப்பதில்லை. ஆகவே காதுக்குள் சொன்னார்கள். காதுக்குள் சொல்லும் சங்கதி எங்கள் ஊரில் தந்தியை விட வேகமாகப் போகும்.

உண்மையில் மனிதருக்கு ஓதமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வேட்டிக்குள் தொங்கியது ஒரு றிவோல்வர்.

ஆள் சுன்னாகம். வயது ஐம்பத்திரண்டு. காங்கேசன்துறைக்குக் கிழக்கே சுண்ணக்கல் வெட்டி விற்ற ஒரு சின்னக் கொம்பனியில் வெடிமருந்துக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். கல்லை உடைக்க டைனமைற் வேண்டும். டைனமைற்றைப் பூட்டி வைக்க, தீப்பெட்டியைக் கண்டாலே விலகி நடக்கிற ஒரு மனிதர் வேண்டும். சோமசேகரத்தார் அப்படிப்பட்டவர். இருபத்தாறு வருடத்தில் அவருடைய களஞ்சியத்தில் ஒரு முழத் திரிகூடக் காணாமற் போனதில்லை. களஞ்சியப் பூட்டின் திறப்பைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். மனைவி பாலேஸ்வரிக்குத் தாலி, தனக்கு இது என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்குத் தெரிந்த ஒரே பகிடி அதுதான். அதையும் இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு காலம் கெட்டுப் போயிற்று. இயக்கப் பொடியளுக்கு வெடிமருந்து தேவைப்பட்டது. அங்கே களஞ்சியத்தை உடைத்தார்கள், இங்கே உடைத்தார்கள் என்று கதை வந்தது. கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருந்த கொம்பனிப் பணிப்பாளர்கள் யோசித்தார்கள். காவலுக்கு நாலு பேரைப் போடலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்படித் தோன்றியிருந்தால் அவர்கள் பணிப்பாளர்களாக வந்திருக்கவே மாட்டார்கள். பொலிஸ் அனுமதிக் கடிதத்தோடு ஒரு றிவோல்வரும் பன்னிரண்டு சன்னமும் அனுப்பி வைத்தார்கள். கூடவே ஒரு கட்டளை. திறப்பும் துப்பாக்கியும் எந்நேரமும் ஒரே ஆளின் உடம்பில் இருக்க வேண்டும். கடமை நேரம், கடமையில்லாத நேரம் என்ற பேதம் கிடையாது. சங்கதி மனேச்சருக்கும் பொறுப்பாளருக்கும் தவிர வேறொருவருக்கும் தெரியக் கூடாது.

தான் மரக்கறிச் சாப்பாட்டுக்காரன் என்று சோமசேகரத்தார் மனேச்சரிடம் முறையிட்டுப் பார்த்தார். மனேச்சர் கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர், பொறுமை குறைந்த மனிதர். அதைச் சாப்பிடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை என்று பதில் சொன்னார். பிறகு கல் வெட்டிய குழிக்குள் கூட்டிக்கொண்டு போய், இருபது அடி தள்ளி ஒரு தேங்காயை வைத்துச் சுடப் பழக்கினார். சோமசேகரத்தார் கண்ணை மூடிக்கொண்டு ஆறு வெடியும் வைத்தார். தேங்காய்க்கு ஒரு கீறலும் இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சம்பலுக்குத் துருவினார்கள்.

வேலைக்குப் போகும் கந்தோர் நாட்களில் பிரச்சினை இல்லை. களிசான் போட்டு, இடுப்பில் செருகி, மேலே தொளதொளத்த சேட்டை விட்டுவிட்டால் சரி. தலையிடி வந்தது கொண்டாட்டங்களில்தான்.

கந்தோர்க்காரருடைய ஒரு கொண்டாட்டத்தையும் சோமசேகரத்தாரால் தவறவிட முடியாது. ஏனென்றால் வீட்டில் இருபத்தாறு வயதில் குணலட்சுமி இருந்தாள். நீ என் வீட்டுப் பந்தலுக்கு வராவிட்டால் உன் வீட்டுப் பந்தலில் நான் நிற்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் எந்தச் சட்டத்தை மீறினாலும் இந்தச் சட்டத்தை மீற ஏலாது. மகளுடைய கலியாணத்தில் பந்தல் நிறையச் சனம் நிற்க வேண்டுமானால் தகப்பன் அதற்கு முதல் பத்து வருடம் ஊரெல்லாம் வடை தின்ன வேண்டும்.

துவக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்டார். அந்த நாட்களில் பொடியள் வீடு வீடாகப் போய்த் துவக்கு இருக்கா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஆமியும் வீடு வீடாகப் போய் அதையே விசாரித்துக்கொண்டிருந்தது. பாலேஸ்வரி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“நீங்கள் அங்கை வடை தின்னேக்கை நானிஞ்சை அவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது? உதை உங்களோடையே காவிக்கொண்டு போங்கோ.”

முதற் சோதனை தலைமைக் கிளாக்கர் கனகசபாபதியின் இளைய மகளுடைய கலியாணம். கனகசபாபதி நல்ல மனிதர். ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் ஒருவருடைய வருத்தத்தை இன்னொருவருக்குச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் சோறு செமிக்காது. கலியாணம் கோயிலில். கோயில் வாசலுக்குப் போன பிறகுதான் சோமசேகரத்தாருக்கு உறைத்தது. ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். சேட்டைக் கழற்றினால் இடுப்பில் றிவோல்வர். வாசலில் கனகசபாபதியே வெறும் மேலோடு நின்று, வாருங்கோ வாருங்கோ என்று கையைப் பிடித்து இழுக்கிறார்.

சோமசேகரத்தார் வாய்க்கு வந்ததைச் சொன்னார். தனக்குத் துடக்கு, உள்ளே வர ஏலாது. யார் செத்தது என்று கனகசபாபதி பதறிப்போய்க் கேட்டார். பாலேஸ்வரியின் சின்னம்மா, மட்டக்களப்பில் இருந்தவ, என்று இவர் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். அந்தச் சின்னம்மா மட்டக்களப்பில் மூன்று மாடு வளர்த்துக்கொண்டு திடகாத்திரமாக இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கந்தோர்க்காரர் பதினொரு பேர் வான் பிடித்துத் துக்கம் விசாரிக்க வந்து இறங்கினார்கள். பாலேஸ்வரி குசினியில் பனங்காய்ப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். செத்தவீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்லத் தேவையில்லை. வாசனை ஒழுங்கை முகப்பு வரை வந்தது. சோமசேகரத்தார் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் அகப்பையோடு முன்னுக்கு வந்தாள். வந்தவர்களுடைய முகங்களைப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமலே அழத் தொடங்கினாள். யார் செத்தது என்பதை அவர்கள் ஆறுதல் சொன்னதிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். பணியாரம் செத்த மனுசிக்குப் பிடித்த பலகாரம், படைக்கச் சுட்டது என்று விக்கலுக்கு நடுவில் ஒரு விளக்கமும் கொடுத்தாள். பதினொரு பேரும் ஆளுக்கு நாலு தின்றுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு அவள் புருசனுக்குக் கொடுத்த பூசையை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய பகுதி இவ்வளவுதான். இடுப்புக்கு மேலே எங்கே வைத்தாலும் கோயிலில் பிடிபடும். ஆகவே இடுப்புக்குக் கீழே போக வேண்டும். தோற் பட்டி கோயிலுக்கு ஆகாது, ஆகவே துணி. பழைய களிசான் ஒன்றின் காலை வெட்டி இரட்டை மடிப்பாகத் தைத்து ஒரு பை செய்தாள். அதை அரைஞாணில் கட்டி வலது தொடைப் பக்கமாகத் தொங்கவிட்டு, மேலே வேட்டியைச் சுற்றினாள். கோயிலுக்குள் துவக்கோடு போவது பாவமில்லையா என்று அவர் முனகினார்.

“முருகனே வேலோடைதானே நிக்கிறார்,” என்றாள் பாலேஸ்வரி.

றிவோல்வர் இரண்டு றாத்தல், கிலோக் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்று. நீங்கள் ஒருக்கால் இரண்டு றாத்தல் இரும்பை அந்த இடத்தில் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். கால் தானாக அகலும். மாடிப்படி கண்டால் முகம் சுளிக்கும். கை நிமிடத்துக்கு ஒருமுறை அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்கும். கனகசபாபதியின் பேரன் பிறந்ததற்கு முப்பத்தொன்று செய்த அன்று, பந்தியில் பாயில் சம்மணம் போட்டு இருக்கச் சொன்னார்கள். இருந்தார். குழல் போய்க் குத்தக் கூடாத இடத்தில் குத்தியது. ஐயோ என்று எழும்பினார். வேட்டியின் முன்பக்கம் ஒரு தேங்காயளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பந்தியில் இருந்த முப்பது பேரும் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் இலையைப் பார்ப்பது சாதாரணமாக நடப்பதில்லை.

கனகசபாபதி எழும்பினார். மெல்ல வந்து கையைப் பிடித்து, தனியாக ஒரு கதிரையும் மேசையும் போட்டு அதில் இருத்தினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அன்று பின்னேரமே அவர் காதுக்குள் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு சோமசேகரத்தார் எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் ஒரு கதிரை தயாராக இருந்தது. பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் மெத்தை போட்ட கதிரை. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டியில் சாய்மனைக் கதிரை. தட்டெழுத்துப் பிள்ளை மரியநாயகி தங்கள் வேதக் கோயிலில் மந்திரித்த எண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுத்தாள். நோவுள்ள இடத்தில் பூசச் சொன்னாள். எந்த இடம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முழங்காலுக்குப் பூசினார்.

விளங்கியது வெடி வைக்கிற ஏரம்பு கொண்டுவந்த பொட்டலத்தால்தான். ஏரம்பு அதை மேசைக்குக் கீழால் நீட்டி, முட்டை வெள்ளைக் கருவில் அரைத்துப் பற்றுப்போடச் சொன்னான். வீட்டில் பாலேஸ்வரி பிரித்துப் பார்த்தாள். கழற்சிக்காய். ஓதத்துக்குப் போடுகிற மருந்து. அவள் குசினி நிலத்தில் இருந்து, சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

சோமசேகரத்தார் சிரிக்கவில்லை. அவருக்கு நெஞ்சு எரிந்தது. இருபத்தாறு வருடம் மரியாதையாக நடந்த மனிதர். ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் கால் மேல் கால் போட்டு இருந்ததில்லை. இப்போது கந்தோர் முழுக்க அவருடைய வேட்டியின் முன்பக்கத்தைப் பற்றி யோசிக்கிறது. நாளைக்கே எல்லாரையும் கூட்டி உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று குதித்தார். பாலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“ஓதம் எண்டே இருக்கட்டும். ஓதத்தைத் தா எண்டு கேட்டு ஒருத்தனும் இஞ்சை வரமாட்டான்.”

அன்றிலிருந்து சோமசேகரத்தார் ஓதக்காரர் ஆனார். ஆனது மட்டுமல்ல, தேர்ச்சியும் பெற்றார். கதிரையில் இருக்கும்போது ஒரு பெருமூச்சு, எழும்பும்போது முருகா என்று ஒரு வார்த்தை. யாராவது உற்றுப் பார்த்தால் வெட்கத்தோடு சால்வையை இழுத்து மூடுவார். சோதனைச் சென்றியில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் அவரைத் தடவ வந்து, நடையைப் பார்த்து அருவருத்து, போ போ என்று கையைக் காட்டினான். அன்று மட்டும் அவர் தன்னுடைய வருத்தத்துக்கு நன்றி சொன்னார்.

இதில் உண்மையாக நொந்தவள் குணலட்சுமி. அவளுக்குத் தாய் தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தாறு வயதுப் பிள்ளை, வாய் தவறும் என்று பயம். கோயில் வீதியில் பெட்டையள் அவளைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள், கடந்து போனதும் சிரித்தார்கள். அவள் கோயிலுக்குப் போவதை விட்டாள். தகப்பனோடு ஒன்றாக ஒழுங்கையில் நடப்பதையும் விட்டாள். அந்தச் சொல்லை அவள் வாயில் எடுத்ததே இல்லை. வீட்டில் யாராவது அந்த முதலெழுத்தைத் தொடங்கினாலே எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். மகள் கிணற்றடியில் அழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் சோமசேகரத்தார் அந்த இரும்பை அரைஞாணோடு பிடுங்கிக் கிணற்றுக்குள் எறிய நினைத்தார். எறிந்தால் வேலை போகும், பொலிஸ் வரும். அவர் எறியவில்லை.

எண்பத்தைந்து தையில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வவுனியாவில் நில அளவையாளர், சொந்த இடம் உடுப்பிட்டி. சாதகக் குறிப்பு நூற்றுக்கு எண்பது பொருத்தம். மாப்பிள்ளை பெண்ணை ஒரு கலியாணவீட்டில் தூரத்தில் பார்த்துவிட்டு, அவளைத்தான் செய்வேன் என்று நின்றான். குணலட்சுமியும் அவனைப் பார்த்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் கிணற்றடியில் பாட்டுப் படித்துக்கொண்டு துணி துவைத்தாள். எல்லாம் சரி. மாப்பிள்ளையின் தகப்பன் மார்க்கண்டு, ஓய்வுபெற்ற அப்போதிக்கரி. நாற்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வருத்தக்காரரைப் பார்த்து மருந்து கொடுத்தவர். அவருக்கு ஒன்றுவிட்ட மச்சான் யார் என்று நினைக்கிறீர்கள்? கனகசபாபதி.

கனகசபாபதி கெடுக்க நினைத்துச் சொல்லவில்லை. பெண் தங்கம், குடும்பம் தங்கம், தகப்பனுக்கு மட்டும் பாவம் கீழே ஒரு தொந்தரவு என்று உருகித்தான் சொன்னார். மார்க்கண்டு உருகவில்லை. பரம்பரையில் எது எது வருகிறது என்று தெரியாமல் சம்பந்தம் செய்ய ஏலாது, தானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். செய்தி வந்த அன்று குணலட்சுமி சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை.

மாசியில் மனேச்சருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. கொம்பனி மண்டபத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு பிரியாவிடை. மார்க்கண்டுவைக் கனகசபாபதி விருந்தாளியாகக் கூட்டி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தங்க விளிம்பு மூக்குக் கண்ணாடி, நிமிர்ந்த உயரமான மனிதர். சோமசேகரத்தார் மண்டபத்துக்குள் கால் அகட்டி நடந்து வந்ததை வாசலிலிருந்து கதிரை வரைக்கும் பார்த்தார். பார்த்து முடித்ததும் எழும்பி வந்தார். மனேச்சருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த நேரம் சோமசேகரத்தாருடைய கையைப் பிடித்துப் பின்னாலிருந்த கடதாசி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“வேட்டியை உயத்தும்,” என்றார்.

சோமசேகரத்தார் மாட்டேன் என்றார். பிறகு பார்க்கலாம் என்றார். இது கந்தோர், சரியில்லை என்றார். மார்க்கண்டு அசையவில்லை. தான் பார்க்காதது இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை, பார்க்காமல் இந்தச் சம்பந்தம் நகராது என்று அமைதியாகச் சொன்னார். சோமசேகரத்தாருக்கு மகளுடைய வாடின முகம் கண்ணுக்குள் வந்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வேட்டியை உயர்த்தினார்.

மார்க்கண்டு குனிந்தார். பையைத் தொட்டார். உடனே கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, லேஞ்சியால் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார். நாற்பது வருடப் பழக்கம் இலேசில் போகாது.

“எவ்வளவு காலமா?” என்று கேட்டார்.

“ஒரு வருஷமா.”

“நோ இருக்கோ?”

“பயம்தான்,” என்றார் சோமசேகரத்தார்.

பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். கொழும்புக் கட்டளை, கோயில் வாசல், சாகாத சின்னம்மா, கழற்சிக்காய். சொல்லச் சொல்லச் சுகமாக இருந்தது. இப்போது உண்மை தெரிந்துவிட்டது, தன்னுடைய உடம்பில் ஒரு குறையும் இல்லை, பரம்பரையில் ஒரு பிழையும் இல்லை, கலியாண நாளை வைக்கலாம்தானே என்று கேட்டார். மார்க்கண்டு ஒரு கடதாசிக் கட்டின் மேல் இருந்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

“ஓதம் எண்டால் நான் சம்பந்தம் செய்திருப்பன். வெட்டினால் சுகம். உது வெட்டினாலும் போகாது. உதைத் தேடி ரண்டு பகுதியும் உம்மடை வீட்டுக்கு வருவாங்கள். அந்த வீட்டிலைதானே என்ரை பிள்ளை வந்து இருக்கப்போறான்.”

அது நியாயமான பேச்சு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பான். சோமசேகரத்தார் கழுத்துத் திறப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் களஞ்சியத்துக்குக் கல் வைத்தபோது நின்றவர் அவர். அதைவிட அவருக்கு வேறு பெருமை கிடையாது. துவக்கைத் திருப்பிக் கொடுத்தால் திறப்பையும் கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன் என்றாலும் கொம்பனி இலேசில் வாங்காது. முன்னமே இரண்டு தரம் எழுதிக் கேட்டு, உடல்நிலைக் காரணம் தவிர வேறு எந்தக் காரணமும் ஏற்கப்படமாட்டாது என்று கொழும்பிலிருந்து பதில் வந்திருந்தது.

உடல்நிலைக் காரணம். சோமசேகரத்தார் வேட்டியை இறக்கிச் சரி செய்தார். மார்க்கண்டுவை ஒரு பார்வை பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு மண்டபத்துக்குள் போனார்.

கனகசபாபதி மனேச்சரைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். சோமசேகரத்தார் நேரே போய் மைக்கை அவருடைய கையிலிருந்து வாங்கினார். இருபத்தாறு வருடத்தில் அவர் மைக் பிடித்ததில்லை. எண்பது பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“எனக்கு ஓதம்,” என்றார் சோமசேகரத்தார்.

அவருடைய குரல் நாலு மூலையிலும் மோதித் திரும்பி வந்தது. மரியநாயகி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் வியர்த்து வழிய வழிய மேலே பேசினார். ஒரு வருடமாக மறைத்து வைத்திருந்தாராம். இனிப் பாரம் காவ ஏலாதாம். மனேச்சர் ஐயா மாறிப் போக முன்னம் தன்னைக் களஞ்சியப் பொறுப்பிலிருந்து விடுவிக்க வேண்டுமாம். மனேச்சருக்கு என்ன காவுகிறார் என்று தெரியும். மாலையும் கழுத்துமாக வாயைத் திறந்துகொண்டு இருந்தார். அப்போது பின்னாலிருந்து மார்க்கண்டு எழும்பினார். தான் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி என்றும், இப்போதுதான் பரிசோதித்ததாகவும், இப்படி ஒன்றைத் தன்னுடைய வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும் அறிவித்தார். அது பொய்யில்லை. உடனே வெட்ட வேண்டும், பரம்பரைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

எண்பது பேருக்கு முன்னால் மனேச்சரால் என்ன செய்ய முடியும்? அன்று பின்னேரமே றிவோல்வர் இரும்புப் பெட்டிக்குள் போனது. திறப்பைக் கழுத்திலிருந்து கழற்றியபோது சோமசேகரத்தார் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வருத்தத்தின் வேதனை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வெட்டுவதற்கென்று மூன்று கிழமை லீவு எடுத்து உடுப்பிட்டியில் மார்க்கண்டுவின் வீட்டில் கட்டிலில் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் பதினொரு ஹோர்லிக்ஸ் போத்தல் கொண்டுவந்தார்கள். சம்பந்திமார் இருவரும் மத்தியானம் முழுக்கக் கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். வைகாசியில் கலியாணம் நடந்தது. குணலட்சுமிக்கு உண்மையைக் கலியாணத்துக்கு முதல் நாள்தான் சொன்னார்கள். அவள் இரண்டு நாள் தகப்பனோடு கதைக்கவில்லை. மணவறையிலும் கதைக்கவில்லை. தனக்காக அவர் எண்பது பேருக்கு முன்னால் நின்றதைத் தாய் சொல்லிக் கேட்ட பிறகு மூன்றாம் நாள் வந்து, ஏன் அப்பா எனக்கு முன்னமே சொல்லவில்லை என்று கேட்டு அழுதாள். அந்தச் சொல்லை மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

திறப்பு பிறகு கனகசபாபதியின் கைக்கு வந்தது. ஆனியில் ஒரு நாள் காலமை பொடியள் வான் ஒன்றில் வந்து மரியாதையாகக் கேட்டார்கள். அவரும் மரியாதையாகக் கொடுத்தார். வெடிமருந்தையும் இரும்புப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஒரு வெடி வைக்கவில்லை. சோமசேகரத்தார் யன்னலோரத்து மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார் என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஆமி நெருங்க, சுன்னாகத்தோடு வலிகாமம் முழுவதையும் ஊரை விட்டு எழும்பச் சொல்லி இயக்கம் அறிவித்தது. விடிந்தபோது சோமசேகரத்தார் வீட்டார் நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சனத்துக்குள் நெரிபட்டுக்கொண்டு நின்றார்கள். மழை. ஐந்து மணித்தியாலத்தில் அரை மைல்கூட நகரவில்லை. மருமகன் வவுனியாவில் மாட்டுப்பட்டிருந்தான். பாலேஸ்வரி மூத்த பேத்தியைக் கையில் பிடித்திருந்தாள். குணலட்சுமியின் தோளில் சின்னவன். நாலு வயது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது, கண் மேலே செருகத் தொடங்கியிருந்தது. பாலத்தைத் தாண்டிச் சாவகச்சேரிக்குப் போனால்தான் ஆஸ்பத்திரி.

பிள்ளைக்குக் காய்ச்சல், வழி விடுங்கோ என்று அவள் கெஞ்சினாள். ஒருவரும் அசையவில்லை. அங்கே எல்லாருடைய தோளிலும் காய்ச்சற் பிள்ளை இருந்தது. கிழவர்களும் இருந்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்தார்கள். எதற்கென்று வழி விடுவது? குணலட்சுமி மகனுடைய முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்ற தகப்பனைப் பார்த்தாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்.

“அப்பாக்கு ஓதம்! இடிபட்டால் வெடிச்சிடும்! வழி விடுங்கோ!”

முன்னால் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். காய்ச்சலுக்கு இரங்காதவர்கள் இதற்கு இரங்கினார்கள். அந்த நோவை எல்லாருடைய உடம்பும் அறியும். ஒருவன் சைக்கிளைத் தூக்கி ஒதுக்கினான். ஒருவன் பெட்டியை இழுத்தான். ஓர் ஆள் போகக்கூடிய இடைவெளி விட்டது, பிறகு இரண்டு ஆள் போகக்கூடியதாயிற்று.

சோமசேகரத்தாருக்கு அறுபத்து மூன்று வயது. பத்து வருடமாக நேராக நடந்த மனிதர். அவர் காலை அகட்டினார். முருகா என்று ஒரு பெருமூச்சு விட்டார். மகளையும் பேரனையும் பாலேஸ்வரியையும் பேத்தியையும் பின்னால் ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சனத்துக்கு நடுவால் அசைந்து அசைந்து நடக்கத் தொடங்கினார். நூறு யார் தூரம் போனதும் சனம் மறுபடியும் நெருங்கிக்கொண்டு வந்தது. குணலட்சுமி வெட்கத்திலோ அழுகையிலோ குரல் கம்மிப் போய் நின்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னும் உரத்துச் சொல்லு பிள்ளை,” என்றார்.